பம்பாய் மாமா யார் வழி?

ஒரு வீட்டைத் தன் சொந்த வீடாக நினைத்துக்கொள்வதில் பம்பாய் மாமாவை மிஞ்ச இந்தக் கடற்கரையில் ஆள் பிறந்ததில்லை. பத்திரத்தில் பெயர் உள்ள நாங்களெல்லாம் அவர் முன்னால், காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய வாடகைக்காரர்கள் மாதிரிதான் நிற்போம்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் இடதுபக்கம் திரும்பி, உடைமரங்களையும் மணலையும் தாண்டினால் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய கடற்கரை வீடு. 'முத்துக் குளித்துக் கட்டிய வீடு' என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசி வருகிறோம். கொள்ளுத்தாத்தாவுக்கு நீச்சலே தெரியாது. முத்துக் குளிக்கப் போனவர்களுக்குக் கயிறும் கருவாடும் விற்றவர். ஆனால் 'கருவாடு விற்றுக் கட்டிய வீடு' என்று சொல்லிக்கொண்டு வெளியூரில் போய்ப் பெண் கேட்க முடியுமா?

அந்த வீடு தாத்தாவுக்கு வந்து, தாத்தாவின் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக வந்தது. மூத்தவள் ஜெசிந்தா அத்தை மதுரையில். அடுத்தவர் பெரியப்பா சென்னையில். அவர் காலமான பிறகு அவர் மகன் மெல்வின். கடைக்குட்டி என் அப்பா, கோயம்புத்தூரில். வருஷம் முழுக்க ஒருவரோடொருவர் பேசாமல் நிம்மதியாக இருந்துவிட்டு, மே மாதம் முதல் சனிக்கிழமை மூன்று குடும்பமும் மாமனார் வழி, மாமியார் வழிச் சொந்தங்களோடு அந்த வீட்டில் வந்து இறங்கும். இரண்டு வாரம் சேர்ந்து இருந்து, சண்டை போட்டுப் பிரியும். இதற்குப் பெயர் குடும்ப ஒற்றுமை.

நாங்கள் சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் பம்பாய் மாமா வந்துவிடுவார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் 'பம்பாய்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பழைய ரெக்சின் பை, ஒரு பொட்டலம் தூத்துக்குடி மக்ரூன். நேராகக் கடல் பார்த்த அறைக்குப் போய்ப் பையை வைப்பார். வீட்டில் கடல் பார்த்த அறை அது ஒன்றுதான். கொள்ளுத்தாத்தா உயிர் விட்ட தேக்குக் கட்டில் அங்கேதான் கிடக்கிறது. அதில் படுக்க என் அப்பாவுக்கே இதுவரை கொடுத்துவைக்கவில்லை.

"எனக்கு இழுப்பு உண்டும். காத்து வேணும்" என்பார் மாமா. அந்தக் கட்டிலில் படுத்து அவர் விடும் குறட்டையைக் கேட்டால், இழுப்பு அவருக்கா, கடலுக்கா என்று சந்தேகம் வரும்.

அவருடைய முதல் எதிரி மணல். பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் செம்புமாக நிற்பார். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். விரல் இடுக்கில் ஒரு துகள் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை பங்குச் சாமியாரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். பாவம், அவர் கடற்கரையோரமாக நடந்து வந்துவிட்டார்.

"சாமி, மன்னிக்கணும். கால்ல மண்ணு."

சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். "பெரிய வியாழக்கிழமைப் பூசையில நான் பன்னெண்டு பேருக்குக் கால் கழுவுனேன். எனக்கு யாரும் கழுவலையேன்னு நெனச்சேன். ஆண்டவர் கேட்டுட்டாரு போல" என்றார். அடுத்த வருஷம் கூப்பிட்டபோது அவருக்குப் பக்கத்து ஊரில் பூசை இருந்தது. அதற்கடுத்த வருஷமும் இருந்தது.

இரண்டாவது எதிரி ஜெசிந்தா அத்தையின் மீன் குழம்பு. அத்தை சாதாரண ஆள் இல்லை. மதுரையில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் செருமினால் என் அப்பா இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவார். அப்பேர்ப்பட்ட அத்தை குசினியில் வெந்து வேர்த்து விளமீன் குழம்பு வைத்துக்கொண்டு வந்து ஊற்றினால், மாமா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"நல்ல மீனு. என்ன பாவம் பண்ணுச்சோ, இந்தத் தண்ணியில வந்து மெதக்கணும்னு."

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்பாள். அவர் மூன்று முறை ஊற்றிக்கொள்வார். மீன் தலையும் அவருக்குத்தான்.

மெல்வின் அண்ணன் வங்கியில் மேலாளரான வருஷம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்ததை மாமா பார்த்துவிட்டார். காதைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார். மெல்வினுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். இரண்டும் கைதட்டிச் சிரித்தன. "ஏலே, இது ஒங்கப்பன் வீடுன்னு நெனச்சியா?" என்று கேட்டார் மாமா. அது மெல்வினின் அப்பன் வீடுதான். அதைச் சொல்லும் தைரியம் மெல்வினுக்கு இல்லை.

பம்பாய்க்காரருக்கு எப்படி இவ்வளவு சுத்தமான தூத்துக்குடிப் பேச்சு என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. "ஊர விட்டுப் போயும் பேச்ச விடல பாரு மனுசன்" என்று அப்பா எங்களுக்கு அவரை உதாரணம் காட்டுவார். "மாமா, பம்பாயில கடல் இருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கும். எங்க போயிரப் போவுது?" என்றார். போன் வைத்துக்கொள்ள மாட்டார். "கூப்பிடணும்னா வாயால கூப்பிடு" என்பார்.

ஒரு மார்கழியில் மழை வெள்ளம் வந்து அந்தப் பக்கமே மூழ்கியது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று செய்தி வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அழுகிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினோம். நேரில் ஒருவரும் போகவில்லை. மே மாதம் பயந்துகொண்டே போய்ப் பார்த்தால், தரை கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, கொள்ளுத்தாத்தா கட்டில் காலுக்குப் புது மரம் வைத்து, வீடு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. மற்ற இரண்டு குடும்பத்தில் யாரோ செய்திருக்கிறார்கள் என்று மூன்று குடும்பமும் நினைத்தது. யாரிடமாவது கேட்டால் செலவில் பங்கு கேட்பார்களே! குழுவில் கைகூப்புகிற பொம்மை போட்டுவிட்டு எல்லோரும் கமுக்கமாக இருந்துவிட்டோம்.

போன வருஷத்துக்கு முந்தின மே மாதம் மெல்வின் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரிசார்ட் கட்டுகிறவர். கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டைச் சுற்றி வந்தார். மாமா அவரையும் காலைக் கழுவ வைத்தார்.

"கடல் இங்கருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் வந்தவர்.

"இப்ப அந்தா கெடக்கு. நீங்க செரமப்படாண்டாம். வருசா வருசம் அதுவே நம்மளப் பாக்கக் கிட்ட வந்துக்கிட்டு இருக்கு."

வந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கடலைப் பார்த்தார். ஆனாலும் வாங்க ஒத்துக்கொண்டுதான் போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மெல்வின் பேச்சை எடுத்தான். வருஷத்தில் இரண்டு வாரத்துக்காக எதற்கு இந்த வீடு, விற்றுவிட்டு ஆளுக்கு ஒரு வழியாகப் போகலாம் என்றான். அப்பா தலையாட்டினார். அத்தை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான், எங்கள் பங்குக்கு வருவதில் கோயம்புத்தூரில் எந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா மட்டும் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"விப்பியளோ? நான் செத்துக் கெடந்தா தாண்டிப் போயி வில்லுங்க. வெக்கமா இல்ல? நாலு தலைமொற இருந்த வீடு!"

மெல்வினுக்கு அந்தக் காது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மாமா, சத்தம் போடாதீங்க. உங்களுக்கு இதுல பங்கு இல்ல" என்றான். அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, "அத்தை, உங்க வீட்டு ஆள நீங்களே கொஞ்சம் சொல்லி வைங்க" என்றான்.

"எங்க வீட்டு ஆளா?" அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏலே, அவிய ஒங்கம்மா வழில்லா? சென்னை ஆளாச்சே, ஒண்ணு சொன்னா அவ மொறைச்சிக்கிடுவாளேன்னுதான நான் இத்தன வருசமா வாயத் தொறக்கல?"

"எங்கம்மா வழியா? அவ சாகுற வரைக்கும் இவரு கோயம்புத்தூர்ச் சித்தியோட அண்ணன்னுதான் சொன்னா."

எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தோம். "எனக்கு அண்ணனே கிடையாதே" என்றாள் அம்மா, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி. "நான் மதினி வீட்டுக்காரரோட சித்தப்பா மகன்னுல்ல நெனச்சேன்" என்று அத்தையைப் பார்த்தாள்.

வட்டம் சுற்றி முடிந்துவிட்டது.

"சாப்பிடுங்க. ஆறிப் போவும்" என்றார் மாமா மெதுவாக.

ஒருவரும் சாப்பிடவில்லை. அவரே சொன்னார். ஒரு மே மாதம், கூட வேலை பார்த்தவர் வீட்டுப் பால்காய்ச்சுக்கு என்று பஸ்ஸில் வந்திறங்கி, வீடு மாறி எங்கள் வாசலில் வந்து நின்றாராம். தாத்தா அவர் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, "பம்பாயிலருந்தா? வாங்க வாங்க, எல போட்டாச்சு" என்று உள்ளே தள்ளிவிட்டார். பை, துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் கொடுத்தது.

"நல்ல பசி. ஆமான்னுட்டேன்."

"மறுவருசம்?" என்று கேட்டார் அப்பா.

"உள்ளதச் சொல்லி மன்னிப்புக் கேக்கலாம்னுதான் வந்தேன். வாசல்லயே பிள்ளையளு 'பம்பாய் மாமா வந்தாச்சு'ன்னு காலக் கெட்டிக்கிட்டு. பொறவு எப்படிச் சொல்ல? எல்லா மேயும் சொல்லணும்னுதான் வாரேன். குழம்பு வாசம் அடிக்கும். சரி, அடுத்த வருசம் சொல்லுவோம்னு இருந்துருவேன்."

அவர் பம்பாயைப் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் இல்லை. தூத்துக்குடியில் ஒற்றை அறையில் வாசம். மக்ரூன் அவர் தெருமுனைக் கடையில் வாங்கியது.

"அப்ப வெள்ளத்துக்குப் பொறவு வீட்டக் கழுவுனது?" என்றார் அப்பா.

"வந்து பாத்தேன். முட்டளவு சேறு. பக்கத்து வீட்டுல சாவி கேட்டேன். குடுத்தாவ." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணுக்கும் என்னக் கூப்பிட்டதில்ல. நான் ஒண்ணும் நெனைக்கல."

மூன்று குடும்பமும், மற்றவர்கள் பத்திரிகை வைத்திருப்பார்கள் என்று இருந்திருக்கிறோம்.

அப்போதுதான் ஜெசிந்தா அத்தை எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப, இவ்வளவு நாளும் நான் ஒமக்குப் பதில் சொல்லிருக்கலாம்!"

'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது. பிறகு வந்ததையெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. "என் குழம்பு தண்ணியா? ஓசியில தின்ன நாக்குக்கு ஊளி மீனும் விளமீனும் ஒண்ணா இருக்கும்வே! மீன் தலை கேக்குதோ ஒமக்கு, மீன் தலை? என் வீட்டுக்காரரு அந்தக் கடல் ரூம்புல ஒரு நாளு படுக்கணும்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு!" வருஷ வாரியாக, குழம்பு வாரியாகத் திட்டினாள். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவில் அத்தைக்கு மூச்சு வாங்கியபோது அவரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

மெல்வின் இதுதான் நேரமென்று, "சரி அத்தை, அவரு கெளம்பட்டும். நாம கையெழுத்துப் போட்டுருவோம்" என்றான்.

"என்னத்தக் கையெழுத்து? இன்னும் பாதி கூடத் திட்டி முடிக்கல. வீட்ட வித்துட்டு இந்த மனுசன எங்கன வச்சுத் திட்டுவேன்? போலே அங்கிட்டு!"

அன்றைக்கு விற்பனை நின்றது. ஆனால் சாயங்காலம் பார்த்தால் கடல் அறை காலி. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

போன மே மாதம் முதல் சனிக்கிழமை நாங்கள் போனோம். அவர் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. கடல் அறை காலியாகக் கிடந்தது. போட்டி போட்டு அதைப் பிடித்த மெல்வின் ஒரே ராத்திரியில், அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று கூடத்துக்கு வந்துவிட்டான். அத்தை வைத்த குழம்பை எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. "வாயில வைக்க முடியல. உப்பில்ல, உறைப்பில்ல. ஒருத்தருக்காவது சொல்லத் தெரியுதா?" என்று சட்டியை மூடினாள்.

திங்கட்கிழமை காலையில் என்னைக் காரை எடுக்கச் சொன்னாள். தூத்துக்குடியில் அவள் நினைவில் வைத்திருந்த மக்ரூன் கடைப் பெயரை விசாரித்துப் போனோம். உண்மையான பெயர் தெரியாத ஆளை எப்படிக் கேட்பது? "மே மாசம் மக்ரூன் வாங்குவாரு, எல்லாத்துக்கும் குத்தம் சொல்லுவாரு" என்றாள் அத்தை. கடைக்கார அண்ணாச்சி உடனே எதிர்ச் சந்துப் பக்கம் கை காட்டினார்.

கதவு திறந்தே இருந்தது. மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார்.

"முந்தாநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்" என்றார். "என்ன மொகத்தோட வர?"

"இத்தன வருசமா எந்த மொகத்தோட வந்தீரோ, அதே மொகத்தோடதான்" என்றாள் அத்தை. "சட்டயப் போடும். வெயிலுக்கு முன்ன போவணும்."

முன் இருக்கையில் உட்காருவாள் என்று பார்த்தேன். பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் சத்தம் குறைந்தது. உப்பளங்களைத் தாண்டும்போது நின்றே போனது. கண்ணாடியில் பார்த்தேன். மாமா ஜன்னலில் தலை சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வெயில் படாமல் அத்தை தன் முந்தானையை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"ஏளா, பைய ஓட்டு" என்றாள். "நம்ம வீட்டு ஆளு உறங்குதாரு."