சங்கு அக்காவும் உறையாத ஃபட்ஜும்

சேர்வராயன் மலையில் எதற்கும் அஞ்சாத காட்டெருமைகூட, சங்கு அக்கா ஃபட்ஜ் கிளறுகிற வாசனை வந்தால் வழி மாறிப் போய்விடும் என்று எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் சொல்வார்கள். ஒரே ஒரு எருமை மட்டும் அப்படிப் போகவில்லை. அதனால் வந்ததுதான் இந்தக் கதை.

நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட். அதில் அக்காவுக்குப் பழம் பறிக்கிற வேலை. அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. காலையில் வேலைக்கு ஒன்று, பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு ஒன்று, ஒரு மணிக்கு மறுபடி வேலைக்கு ஒன்று என எஸ்டேட்டில் மின்சாரச் சங்கு ஊதும். அக்காவின் வாழ்க்கை முழுவதும் அந்தச் சங்கில்தான் ஓடியது. சுவரில் கடிகாரம் இருந்தது. ஆனால் அது சாமி படத்துக்குத் துணையாக, வெறும் அழகுக்கு. குழாயடியில் யாருடனாவது உச்சத்தில் சண்டை நடக்கும்போது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால், "மிச்சத்த ஒரு மணிச் சங்குக்கு அப்பறம் பேசிக்கலாங்க" என்று சாப்பிடப் போய்விடுவார். ஒரு மணிக்குச் சரியாக வந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஏற்காட்டு ஏரிக்கரைக் கடையில் ருசி பார்க்கக் கொடுத்த, ஃபட்ஜ் என்கிற சாக்லேட் இனிப்பில் ஒரு துண்டை வாயில் போட்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தார். வந்ததும் என் கையில் அவருடைய போனைத் திணித்து, "கண்ணு, இது எப்படிப் பண்றதுன்னு எடுத்துக் குடு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்த ஆள் நான். அப்போது சேலத்தில் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். லைனில் யாருக்கு எது புரியவில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஃபட்ஜ் செய்கிற வீடியோவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்தார்.

"அவ பேசறது நமக்கெதுக்கு கண்ணு? கையப் பாத்தாப் போதும்."

கையைப் பார்த்ததில் ஒரே ஒரு சிக்கல். அந்தப் பெண்மணி சட்டியை இறக்கியதும், அடுத்த நொடியே ஃபட்ஜ் உறைந்து துண்டு துண்டாகத் தட்டில் இருந்தது.

"நடுவுல என்னமோ மறைக்கறா. குடும்ப ரகசியம் போல இருக்குது."

"மறைக்கலீங்க அக்கா. ஆற நேரமாகும், அதனால அந்த இடத்த வெட்டிட்டாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். முக்கியமான எடத்த வெட்டிட்டா."

எவ்வளவு நேரம் கிளற வேண்டும் என்பதற்கு அக்கா தானே ஒரு விதி வகுத்துக்கொண்டார். பன்னிரண்டு மணிச் சங்குக்கு அடுப்பு பற்ற வேண்டும், ஒரு மணிச் சங்குக்குச் சட்டி இறங்க வேண்டும். பால் எவ்வளவு, தீ எவ்வளவு என்பதெல்லாம் சங்குக்குக் கட்டுப்பட்டவை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பாருங்கள் என்று என் அம்மா சொன்னதற்கு, "அது அதிரசத்துக்குங்க" என்று முடித்துவிட்டார்.

முதல் ஃபட்ஜைக் கடித்தவர் கடைசி வீட்டு ரைட்டர். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர். ஃபட்ஜ் உடையவில்லை. அவர் பல்லின் ஓரம் உடைந்தது. அந்தத் துண்டு இன்றும் அவர் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை கொஞ்சம் இளகி வந்தது. "பால்கோவா பரவாயில்லீங்க" என்றார் ரைட்டர். அக்கா அவர் வாய்க்கும் கைக்கும் நடுவிலிருந்து துண்டைப் பறித்துக்கொண்டார். "பால்கோவான்னு சொல்ற வாய்க்கு இது எதுக்குங்க?"

நான் என் உதவித்தொகையில் சமையலுக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்து, எந்த அளவுக்கு வந்ததும் இறக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினேன். அக்கா அதை மரியாதையாக மஞ்சள் குங்குமம் வைத்து ஆணியில் மாட்டினார். பிறகு ரைட்டருக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் அது கீழே இறங்கியது. அவர் கையிடுக்கில் செருகிப் பார்த்துவிட்டு அக்கா ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க. நம்ம புள்ள போட்ட கோட்டுக்கு இன்னும் நொம்ப தூரம் இருக்குது."

ஃபட்ஜ் ஆறும்போது அதிர்வு கூடாது என்று வீடியோவில் சொன்னதை நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து லைனில் உரல் இடிக்கத் தடை, குழந்தைகள் ஓடத் தடை. ஏற்காடு பஸ் எங்கள் வீட்டை ஒட்டித்தான் போகும். போகும்போது சுவர் நடுங்கும். அக்கா ரோட்டின் நடுவில் நின்று கையை நீட்டிவிட்டார்.

"ஏனுங்க டிரைவரு, கொஞ்சம் மெல்லப் போங்க. ஊட்டுல ஒண்ணு இப்பத்தான் அடங்கிக் கெடக்குது."

டிரைவர் அண்ணன் நல்ல மனிதர். கைக்குழந்தை என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகு எங்கள் லைனைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடிக்காமல் பஸ்ஸைத் தவழ விடுவார். ஒருநாள் ஜன்னல் வழியாக அக்கறையாகக் கேட்டார்.

"கொழந்த எப்படி இருக்குதுங்க?"

"எங்கீங்க, இன்னும் கெட்டிப்படவே மாட்டேங்குது."

அவர் அடுத்த வாரம் ஒரு டப்பா சத்துமாவு கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படி இருக்கையில் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் லைனுக்கே முதல் பட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் காபியும் இனிப்பும் என்று அப்பா அறிவித்தார். இனிப்பு தன்னுடையது என்றார் அக்கா. லைனே சிரித்தது. ரைட்டர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார்.

அக்கா தன் இருப்புச் சட்டியைத் தூக்கி எல்லார் முன்னாலும் வைத்தார். "நம்ம புள்ள பட்டத்துக்கு என்னோட ஃபட்ஜ் உறையும். உறையலீன்னா இந்தச் சட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, இனி கிளறவே மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியமுங்க."

அக்கா சத்தியத்தை மீறியதாகச் சரித்திரம் இல்லை. அதனால் லைனில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தச் சட்டி போய்விடுமே என்று கவலை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆனாலும் சங்கு ஊதும். ஊதாவிட்டால், சங்கு ஊதுகிற வாட்ச்மேனுக்குச் சாப்பாடு இறங்காது. பன்னிரண்டு மணிச் சங்குக்கு அடுப்பு பற்றியது. லைனில் இருந்த சர்க்கரை முழுவதும் கடனாக அந்தச் சட்டிக்குள் போயிருந்தது. பால், வெண்ணெய், கோகோ எல்லாம் கொதித்து வந்தன. அரை மணி நேரம் ஆகியிருக்கும், சங்கு ஊதியது. அக்கா சட்டியை இறக்கி, தட்டுகளில் ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டார்.

அது ஒரு மணிச் சங்கே இல்லை. எருமைச் சங்கு. எஸ்டேட்டுக்குள் காட்டெருமை வந்தால் மூன்று முறை விட்டு விட்டு ஊத வேண்டும், ஆட்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வாட்ச்மேன் முதல் முறை அழுத்தியதும் எருமை திரும்பி அவரைப் பார்த்திருக்கிறது. மிச்சம் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடிவிட்டார்.

எருமை குழாயடியில் கொஞ்ச நேரம் நின்று இளைப்பாறியது. யாரும் வெளியே வரவில்லை. அது போய், வாட்ச்மேன் திரும்பி வந்து, நிஜமான ஒரு மணிச் சங்கு ஊதியபோது அக்கா கதவைத் திறந்தார்.

"ஏன் கண்ணு, இவன் ஒரு மணிக்கு ரெண்டு தடவ ஊதறான்?"

சொன்னேன். அக்கா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடி அடுப்புல ஏத்திடலாங்க அக்கா, ஒண்ணும் கெட்டுப்போகல."

"எறக்குனது எறக்குனதுதான் சாமி."

சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். அக்கா கத்தியை வைத்தார். கத்தி போன வழி, பின்னாலேயே மூடிக்கொண்டது. தட்டைச் சாய்த்தால் ஃபட்ஜும் சாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று ரகசியமாகச் சொல்லி வைத்திருந்த லட்டும் வரவில்லை. பைக்கில் கொண்டுவந்த பையன் வழியில் எருமையைப் பார்த்து அப்படியே திரும்பிவிட்டானாம்.

மிச்சம் இருந்தது கடுங்காப்பி மட்டும். அதற்கும் சர்க்கரை இல்லை. ரைட்டர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "கஷாயமாட்ட இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே, தட்டிலிருந்து ஒரு கரண்டி ஃபட்ஜை வழித்துக் காபியில் விட்டுக் கலக்கினார். குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"ஏனுங்க… இன்னொரு கரண்டி கெடைக்குமுங்களா?"

அதற்குப் பிறகு வரிசை நின்றது. வேண்டாம் என்றவர்களே இரண்டு முறை வந்தார்கள். என் அம்மா தட்டை விரலால் வழித்ததை நான் பார்த்தேன். எங்கள் காபியில் அக்காவின் ஃபட்ஜ் கரைந்தால் வருகிற அந்த வாசனைக்கு என் பாடப்புத்தகத்தில் பெயர் கிடையாது.

ஆனால் அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். "சத்தியம் சத்தியந்தானுங்க. உறையல. நாளைக்கு இரும்பு வண்டி வரும்."

குறுக்கே போய் நின்றவர் ரைட்டர்.

"நில்லுங்க. ஒரு மணிச் சங்குக்கு எறக்கறதுதானே உங்க மொற?"

"ஆமாங்க."

"நீங்க எறக்குனது எருமச் சங்குக்கு. அப்பறம் அது எப்படிங்க சத்தியத்துல சேரும்? மாரியாத்தாளுக்குத் தெரியாதுங்களா?"

அக்கா சட்டியைப் பிடித்தபடி யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப மறுபடியும் ஒருக்கா, ஒரு மணி வரைக்கும் கிளறிப் பாத்தரட்டுங்களா?"

"ஐயோ வேண்டாங்க!" என்று லைனே கத்தியது. "இப்படியே கிளறுங்க!"

"இப்படியேன்னா? எரும எல்லா ஞாயித்துக்கெழமையும் வருமுங்களா?"

வரவில்லை. அதனால் வாட்ச்மேன் ஒரு வழி செய்தார். அக்கா அடுப்பு மூட்டுகிற நாளில், பன்னிரண்டரைக்கு லேசாக ஒரே ஒருமுறை சங்கை அழுத்துவார். எங்கள் எஸ்டேட்டில் இன்று காலைச் சங்கு, சாப்பாட்டுச் சங்கு, எருமைச் சங்கோடு ஃபட்ஜ் சங்கும் உண்டு.

நான் இப்போது அடிவாரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்றுக்கொடுக்கிறேன். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் அக்கா ஒரு பாட்டில் நிறைய ஃபட்ஜ் கொடுத்தனுப்புவார். அதே டிரைவர் அண்ணன் இப்போது சேலம் பஸ் ஓட்டுகிறார். பாட்டிலைப் பார்த்து, "கொழந்த வந்துருச்சா?" என்பார். நான் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். இனி அது உறைய வேண்டியதே இல்லை, குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்:

"அண்ணா, கொஞ்சம் மெல்லப் போங்க."