ஜன்னலோரக் கிபுளி

செங்கல்பட்டு வட்டாரத்திலேயே அர்த்தமில்லாத ஒரு சொல்லுக்காகச் சோறு தண்ணி மறந்து அலைந்த ஒரே மனிதர் கிபுளி சார்தான். தொண்ணூறுகளில் நான் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆபீசுக்குப் போன எட்டு மணி பஸ்ஸில், அடுத்த நிறுத்தமான பூஞ்சேரியில் ஏறுவார். கல்லூரியில் தத்துவ வாத்தியார். அவருக்காக ஜன்னல் சீட்டில் என் கர்ச்சீப்பைப் போட்டு வைப்பேன்.

ஒருநாள் கொட்டுகிற மழையில் ஏறினார். கக்கத்தில் குடை, விரிக்காமல். "'மழை பெய்கிறது'ன்னு ஒரு வாக்கியத்தை எடுத்துக்குங்க. இது எப்போ உண்மை?" என்று என் சட்டையில் சொட்டிக்கொண்டே கேட்டார். நான் சட்டையைப் பிழிந்து காட்டினேன்.

சொல்லுக்கு அர்த்தம் அகராதியிலிருந்து வருவதில்லை, ஜனங்கள் புழங்கப் புழங்கத்தான் வருகிறது என்பது அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. நிரூபிப்பதற்காக 'கிபுளி' என்று ஒரு வெற்றுச் சொல்லைத் தானே செய்து எங்கள் பஸ்ஸில் இறக்கிவிட்டார்.

"கிபுளின்னா இன்னா சார்? துன்றதா, கட்டிக்கிறதா?" என்றார் கண்டக்டர் ஏழுமலை.

"எனக்கே தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத சார்."

ஆனால் சொல் ஒட்டிக்கொண்டது. டயர் பஞ்சரானால் கிபுளி. வடையில் உப்பு கூடினாலும் கிபுளி. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் குறிக்கிற சொல் எதையுமே குறிக்காதாம்.

சென்னையிலிருந்த அவருடைய ஆராய்ச்சி கைடு இன்னும் கறார். "நீங்க கூட இருக்கறதால விளையாட்டுக்குச் சொல்றாங்க. ஒரு வாரம் அந்த பஸ்ல ஏறாதீங்க. நானே வந்து பார்க்கறேன். அர்த்தம் இல்லேன்னா அந்த அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். சாரின் மொத்த ஆராய்ச்சியும் அந்த அத்தியாயத்தில்தான் நின்றது. பாவம், அந்த வாரம் முழுக்க இரவல் மொபெட்டில், பாதி தூரம் மிதித்தபடியே செங்கல்பட்டு போனார்.

நானும் கர்ச்சீப் போடவில்லை. போட்டது ஏழுமலை, தன் துண்டை.

"சார் வரமாட்டாரே" என்றேன்.

"வராம எங்க பூடுவாரு?"

வியாழக்கிழமை கைடு வந்தார். மாமல்லபுரத்தில் ஏறி, துண்டை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சார் சொல்லியிருந்ததால் எனக்கு அவரையும் அவருக்கு என்னையும் அடையாளம் தெரியும். அவர் யாரென்று ஏழுமலைக்குத் தெரியாது.

"எய்ந்துரு சார். அது கிபுளி."

"கிபுளின்னா?"

"இன்னா சார், பட்ச்சவரா கீற, இது தெரியாதா? வர்ற ஆளுக்குப் புட்ச்சு வச்ச எடம். ஆளு வர்லன்னாலும் அது கிபுளிதான்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சார் இல்லாத வாரத்தில் அந்தச் சொல் தானாக ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கைடு கம்பியைப் பிடித்தபடி செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது என்னிடம், "அத்தியாயம் இருக்கட்டும்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தியாயத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை. "என் சீட்டை வச்சிருந்தாங்களா? வாரம் பூராவுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பட்டம் வாங்கிய கையோடு கோயம்புத்தூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் இன்னமும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். ஜன்னல் சீட்டில் கர்ச்சீப்பைப் பார்த்து, "ஆள் வருதா?" என்று யாராவது கேட்டால், "கிபுளி" என்கிறேன். பூஞ்சேரி தாண்டும்வரை அதை எடுக்க மனசு வருவதில்லை.