வீரமணியை முந்தினவர் யாரும் இல்லை

"மூச்ச இழுத்துப் புடிங்கண்ணா. இன்னும் ரெண்டு பட்டை இருக்குது."

மரியசூசை மூச்சை இழுத்துப் பிடித்தார். வீரமணி அவருடைய தோள்களுக்கு ரெண்டு பட்டை, இடுப்புக்கு ரெண்டு பட்டை மாட்டி, நாலையும் வயிற்றுக்கு நடுவில் ஒரு பூட்டில் சேர்த்து இறுக்கினான். சந்தைக்கு லாரியில் ஏற்றுகிற மாட்டைக்கூட இப்படிக் கட்டி மரியசூசை பார்த்ததில்லை.

"தம்பி, மணி பத்தே கால் ஆயிடுச்சு. பதினொன்னு அம்பதுக்கு மொரப்பூர்ல ரயிலு."

"தெரியுங்கண்ணா. மொதல்ல பாதுகாப்பு."

சிக்கல் சின்னதுதான். மரியசூசையின் மகள் சுபா நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு நாளைக் காலை எட்டு மணிக்குச் சென்னையில் நேர்காணல். ஒரிஜினல் சர்டிபிகேட் இல்லாதவர்கள் வரவே வேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் ஃபைலை மறந்துவிடக் கூடாது என்று நேற்றே அதைப் பத்திரமாக ஃப்ரிட்ஜ் மேல் எடுத்து வைத்தாள். அது இன்னும் அங்கேயே பத்திரமாக இருந்தது. ரயிலை விட்டுவிடக் கூடாது என்று அவள் அம்மா ஞானமேரி இன்று காலை எட்டு மணி பஸ்ஸுக்கே மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மொரப்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன இட்லியைப் பிரித்த பிறகுதான் ரெண்டு பேருக்கும் ஃபைல் ஞாபகம் வந்து மரியசூசைக்குப் போன் போட்டார்கள்.

இண்டூரிலிருந்து மொரப்பூருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மரியசூசையின் ஸ்கூட்டர் மெக்கானிக் ஷாப்பில் பாகம் பாகமாகக் கிடந்தது. பஸ் என்றால் தர்மபுரியில் இறங்கி மாற வேண்டும். என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தபோது எதிர் வீட்டில் வீரமணி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தோணியாரே நேரில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

ஏனென்றால் வீரமணி கார் ரேஸில் இருந்தவன். கோயமுத்தூர்ப் பக்கம் பதினோரு வருடம். தார்ப் பாதையில் ஓட்டுகிற டூரிங் கார் ரேஸ், மண்ணும் தாரும் கலந்த பாதையில் ஓட்டுகிற ராலிகிராஸ் எல்லாம் பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊரோடு வந்துவிட்டான். அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. முன்னால் வீரமணியின் கார், அதற்குப் பின்னால் இருபது கார்.

"அது என்னங்கண்ணா மடியில?"

"ஃபைலு தம்பி. பாப்பாவோட சர்டிபிகேட்டு."

"மடியில ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. பிரேக் புடிச்சா பறந்து வந்து மூஞ்சில அடிக்கும்."

வாங்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்துப் பூட்டினான். பிறகு நாலு டயரிலும் காற்று பார்த்தான். மூன்றாவது டயரில் சந்தேகம் வந்து மறுபடி பார்த்தான். கார் கிளம்பும்போது பத்து இருபத்தைந்து.

மரியசூசை சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடினார். வேகம் வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தால், பக்கத்தில் ஒருவர் பழைய மொபெட்டில் தீவனப்புல் கட்டோடு கூடவே வந்துகொண்டிருந்தார். வேகம் காட்டுகிற முள் நாற்பதில் நின்றது.

"இஞ்சின் சூடாவணுமா தம்பி?"

"இல்லீங்கண்ணா. இதான் வேகம்."

"ரேஸ்லயும் இப்படித்தானா?"

"அங்க கொஞ்சம் கூட இருக்கும்ங்க. ஆனா பதினோரு வருசத்துல ஒரு காரு கூட என்னைய முந்துனது இல்லீங்க."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

"அப்ப கப்பு, மெடல் எல்லாம் நெறைய இருக்குமே. வூட்டுல ஒண்ணயும் காணமே."

"அதெல்லாம் நான் வாங்கிக்கறதில்லீங்கண்ணா."

மரியசூசைக்குக் கொஞ்சம் மனசு இளகியது. இவ்வளவு பெரிய ஆள், இவ்வளவு அடக்கம். ஏதோ கணக்கு வைத்துத்தான் ஓட்டுகிறான், தர்மபுரி தாண்டட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

தர்மபுரி தாண்டியது. முள் தாண்டவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு தக்காளி வேன் வலது பக்கம் ஏறி வந்தது. வீரமணி காரை மெதுவாக வலது பக்கம் கொண்டுபோனான். வேன் இடது பக்கம் வந்தது. வீரமணியும் இடது பக்கம் வந்தான்.

"வுடுங்க தம்பி. அவன் போவட்டுமே."

"முந்த வுட்டுப் பழக்கமில்லீங்கண்ணா."

கால் மணி நேரத்தில் தக்காளி வேனுக்குப் பின்னால் மொரப்பூர் பஸ், அதற்குப் பின்னால் ஒரு கல்யாண வேன், ரெண்டு ட்ராக்டர், எண்ண முடியாத பைக்குகள் சேர்ந்துவிட்டன. மரியசூசை திரும்பிப் பார்க்க முயன்றார். பட்டை விடவில்லை. கண்ணாடியில் பார்த்தார். வீரமணி வீட்டுப் போட்டோ போலவே இருந்தது.

மொரப்பூர் பஸ்! அதில் ஏறிவிட்டால் என்ன? இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்து ஃபைலை எடுத்துக்கொள்ளலாம்.

"தம்பி, ஒண்ணுக்குப் போவணும். நிறுத்துங்க."

வீரமணி நடு ரோட்டிலேயே நிறுத்தினான். ஓரம் கட்டினால் முந்திவிடுவார்களாம். பூட்டைத் திறந்து நாலு பட்டையிலிருந்து வெளியே வரவே ரெண்டு நிமிடம் ஆனது. மரியசூசை பஸ்ஸுக்கு ஓடினார். கண்டக்டர் படியிலேயே நின்றார்.

"நீங்க அந்தக் காரு ஆளு தானுங்க?"

"ஆமாங்க. ஆனா நான் சும்மா உக்காந்துதான் வர்றேன். மொரப்பூருக்கு ஒரு ஆளு ஏறிக்கறேன்."

"கால் மணி நேரமா எங்கள ஊர்கோலம் கூட்டிட்டு வர்றீங்க. அதுலயே வாங்க."

ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கார்ல பொணம் கிணம் எடுத்துட்டுப் போறீங்களா? சொன்னா நாங்களும் ஒரு மாலை போடுவோம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. மரியசூசை திரும்பி வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாலு பட்டையும் மறுபடி ஏறின.

மணி பதினொன்று பத்து. செல்போன் அடித்தது. ஞானமேரி.

"எங்க வர்றீங்க?"

"வந்துட்டே இருக்கறேன்."

"ரேஸ்காரரு வண்டியில வர்றேன்னு சொன்னீங்க. இந்நேரம் ரெண்டு தடவ வந்துட்டுப் போயிருக்கலாமே. சுபா அழுவுறா. நாலு வருசமா படிச்சுப் படிச்சு எழுதுன பரீட்சைங்க அது."

மரியசூசை போனை வைத்தார். வேறு வழியில்லை. பொய்தான்.

"தம்பி, நெஞ்சு வலிக்குது. மொரப்பூர்ல எங்க டாக்டரு இருக்காரு. சீக்கிரம் போங்க."

வீரமணி அவரை ஒரு பார்வை பார்த்தான். நாலு பக்கமும் மினுக்குகிற விளக்கைப் போட்டான். முள் நாற்பதிலிருந்து முப்பதுக்கு வந்தது.

"ஏந்தம்பி?"

"அடிபட்டவங்க, நோயாளி இருக்கற எடத்துல மெதுவாத்தான் போவணும்ங்கண்ணா. எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"வலி போயிடுச்சு தம்பி."

"போனாலும் அஞ்சு நிமிசம் பாத்துட்டுத்தான் கூட்டணும்ங்க."

அஞ்சு நிமிடம் பார்த்தான். பிறகு நாற்பதுக்குக் கூட்டினான். அந்த நாற்பது இப்போது மரியசூசைக்குப் பறப்பது போல இருந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு. மொரப்பூருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். போய்விடலாம். மாதாவே, போய்விடலாம். அவர் அப்படி நினைத்த நேரத்தில் வீரமணி விளக்கை அணைத்தான். காரை ஒடித்து, ரோட்டோரம் இருந்த ஒரு எடைமேடை வாசலுக்குள் விட்டு, இஞ்சினை நிறுத்தினான்.

பின்னால் வந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் சீறிக்கொண்டு போயின. தக்காளி வேன், பஸ், கல்யாண வேன், ட்ராக்டர்கள். பஸ் படியிலிருந்து கண்டக்டர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மரியசூசை மணி பார்த்தார்.

"ஏந்தம்பி நிறுத்துனீங்க?"

"இனிமே நல்ல ரோடுங்கண்ணா. அவங்க வேகமா போவட்டும்."

"நாம?"

"நாம பொறவு போலாங்க."

மரியசூசை பூட்டைத் திறந்தார். இந்தத் தடவை ரெண்டு நிமிடம் ஆகவில்லை. ரோட்டுக்கு ஓடி, முதலில் வந்த மொபெட்டை இரண்டு கையையும் விரித்து மறித்தார். ஓட்டி வந்தவர் பின்னால் ரெண்டு பழைய டயர் கட்டியிருந்தார். வீரமணியைப் பார்த்துக் கையாட்டினார்.

"ஏறிக்கங்க, டயரப் புடிச்சுக்கங்க. நான் சென்னப்பன். மொரப்பூர்ல பஞ்சர் கடை."

"வீரமணியத் தெரியுமா?"

"தெரியாமயா. முன்னாடி ரேஸ் மைதானத்துல நான் டயர் மாத்திட்டு இருந்தேன். ஒண்ணாத்தான் சோறு திம்போம்."

மொபெட் பறந்தது. உண்மையாகவே பறந்தது. மரியசூசை டயருக்குள் கையை விட்டுக்கொண்டு சேசுவே சேசுவே என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைகிற நேரத்தில் மொபெட்டும் வாசலில் நின்றது. அவர் விழுந்தடித்து ஓடினார். வழி காட்டச் சென்னப்பனும் கூடவே ஓடினார்.

சுபா பெட்டியின் வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களாப்பா. குடுங்கப்பா ஃபைல."

மரியசூசை தன் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். ரெண்டிலும் டயர்க் கரி மட்டும் இருந்தது.

"டிக்கி," என்றார்.

"என்னப்பா?"

"டிக்கியில இருக்குது."

ஞானமேரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மரியசூசை வீரமணிக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஃபைலு உங்ககிட்டயே இருக்குது. ரயிலு வந்து நிக்குது. கொண்டாங்க தம்பி, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

"கெளம்பிட்டேங்கண்ணா."

"இந்த ரயிலு எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று ஞானமேரி கேட்டாள்.

"ரெண்டு நிமிசம்ங்க," என்றார் சென்னப்பன்.

"வந்துருவாருங்களா?"

மரியசூசை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்துருவாரு. இப்ப பின்னாடி ஒரு வண்டி இல்ல, ரோடே காலி. பதினோரு வருசம் ரேஸ் ஓட்டுனவருக்கு மூணு கிலோமீட்டரு எம்மாத்திரம்? சென்னப்பா, நீங்களே சொல்லுங்க, கூட இருந்தவரு தானே?"

சென்னப்பன் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, ரேஸ்ல காருங்க மோதிக்கிச்சுன்னா, மத்த காரெல்லாம் வேகமா போயிடக் கூடாதுன்னு முன்னால மெதுவா போயி, பாதை சரியானதும் ஒதுங்கிக்கறதுக்கே ஒரு காரு வுடுவாங்க, அதத்தாங்க இவரு பதினோரு வருசமா ஓட்டுனாரு."