சர்வருக்கு விசிறி வீசிய மேனேஜர்

வெறும் அட்டைத்துண்டால் விசிறியே ஒரு நகராட்சியின் சர்வரைச் சாகவிடாமல் காப்பாற்றினேன் என்று மேனேஜர் சொன்னால், அவர் வீட்டுக்காரம்மாவே, "சரி சரி, கையைக் கழுவிட்டு சாப்பிட வாங்க" என்பார். ஆனால் விசிறியது உண்மை. ஊரே வரிசையில் நின்று விசிறியது!

நகராட்சியின் பிறப்பு, இறப்பு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஓர் இருட்டறையில், பீரோ உயரத்துக்கு நின்ற கிழட்டு சர்வருக்குள் அடைந்து கிடந்தன. அதன் முகப்பு விளக்குகள் எப்போதோ பழுதாகிவிட்டன; அவை எரிந்து பார்த்தவர்கள் எல்லாரும் ரிட்டயராகிவிட்டார்கள். அதைத் தலைமுழுகிவிட்டு கிளவுடுக்குப் போவது, அதாவது எங்கோ இருக்கும் பெரிய கம்பெனிக் கணினிகளில் வாடகைக்கு இடம் பிடிப்பது என்று முடிவானது. அதற்கு டெண்டர். டெண்டரை ஆன்லைனில்தான் போட வேண்டும். அந்த டெண்டர் தளம் இருந்தது எங்கே? அதே கிழட்டு சர்வரில்! தன்னை வீட்டைவிட்டு அனுப்ப வருகிறவர்களுக்கு அந்தக் கிழமே எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டும். திறக்குமா? ஒவ்வொரு தடவையும் கடைசி நாள் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மூணு கம்பெனியாவது டெண்டர் போடணும்," என்று நகராட்சித் தலைவியம்மா காலையிலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டார். "இல்லைன்னா நாளைலேருந்து உங்க நாற்காலி குப்பைக் கிடங்குல."

மத்தியானம் சர்வர் அறையின் ஏ.சி. செத்தது. விவரம் தெரிந்த ஒரே ஜீவனான ஆபரேட்டரம்மா அரைநாள் லீவில் கிளம்பிப் போயாயிற்று. மேனேஜர் சர்வரைத் தொட்டுப் பார்த்தார். தோசையே ஊற்றலாம் போலிருந்தது.

"இந்தப் பெட்டிக்கு என்ன குறைச்சல்?" என்றார் பின்னாலேயே வந்த, செலவுகளுக்கெல்லாம் அனுமதி தரும் ஆடிட்டர். "கிளவுடாம் கிளவுடு! கண்ணுல படாத இடத்துக்கு வாடகையா?"

"சார், அது காய்ச்சல்ல கெடக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

வரிப் பிரிவு, சுகாதாரப் பிரிவு என்று ஒன்று விடாமல் டேபிள் ஃபேன்களைத் தூக்கி வரச் செய்து, எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் பலகையில் சொருகினார் மேனேஜர்.

டப்!

கட்டடமே இருண்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. உள்ளே தலைவியம்மா.

"மேனேஜர்ர்ர்!" என்று சுவர் கத்தியது.

"அங்கேயே இருங்கம்மா, இதோ வந்துட்டேன்!" என்றார் மேனேஜர், ஏதோ தலைவியம்மா வேறெங்கோ போய்விடுவார் போல.

ஆடிட்டர் தன் செல்போனில் டெண்டர் தளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒரு டெண்டர் விழுந்துருச்சு! கரண்ட் போயும் ஓடுது பாத்தீங்களா? இதல்லவா இரும்பு!"

"பேட்டரில மூச்சு விடுது சார். சூடு ஏறினா போயிடும்." மேனேஜர் வெளியே ஓடினார். பிறப்புச் சான்றிதழுக்காக நின்ற வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உள்ள இருக்கிற சர்வர் பொழைச்சாத்தான் உங்க பிள்ளைங்க பொறந்ததுக்கே அத்தாட்சி! கையில எது இருந்தாலும் எடுத்துட்டு வந்து விசிறுங்க!"

விசிறினார்கள் பாருங்கள்! அட்டை, முந்தானை, மடித்த பேப்பர். ஒருத்தர் சட்டையையே கழற்றிச் சுழற்றினார். சர்வர் ஜில்லென்று ஆகிக்கொண்டே வந்தது.

"குளிர்ந்துருச்சு! குளிர்ந்துருச்சு!" என்று குதித்தார் மேனேஜர்.

"ரெண்டாவதும் வந்துருச்சு," என்றார் ஆடிட்டர்.

ஆனால் அந்த அறையின் தூசி என்ன சாதாரணத் தூசியா? ராஜாக்கள் காலத்துத் தூசி. மேகமாகக் கிளம்பியதில் புகை மணி அலறியது. அதைக் கேட்ட தலைவியம்மா லிஃப்டுக்குள்ளிருந்தபடியே தீயணைப்புக்குப் போன் போட்டார். வந்தவர்கள் அவரை வெளியே இழுத்துவிட்ட கையோடு, தூசியைப் புகையென்று நினைத்துக் குழாயைத் திருப்பினார்கள்.

"வேண்டாம்யா!" என்று மேனேஜர் பாய்ந்து சர்வரைக் கட்டிக்கொண்டார். ஆற்றுவெள்ளம் இருவரையும் குளிப்பாட்டியது. அவர் கண்முன்னே குப்பைக் கிடங்கு, ஈக்கள் சகிதம் விரிந்தது.

"மூணு!" என்று கத்தினார் ஆடிட்டர். "மூணாவதும் வந்துருச்சு!"

சொட்டச் சொட்ட நின்ற மேனேஜரை ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தலைவியம்மாவே கை தட்டினார்.

ஆடிட்டர் மட்டும் தொண்டையைச் செருமினார். "கீழே இறக்குங்க அவரை. தண்ணி ஊத்தியும் ஓடுற மிஷினை எதுக்கு மாத்தணும்? கிளவுடுக்கு ஒரு பைசா அனுமதிக்க மாட்டேன்."

தோளில் இருந்தபடியே மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. காப்பாற்றியதே வினையாகிவிட்டதே!

அப்போது அவர் செல்போன் அடித்தது. ஈரத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் ஆபரேட்டரம்மா குரல் ஊருக்கே கேட்டது.

"சார், ஆபீஸ்ல தீயாமே? எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கோம்மா. சர்வர்கூட நல்லாருக்கு," என்றார் மேனேஜர் அழாக்குறையாக.

"அது எப்படி சார் நல்லாருக்கும்? ஏ.சி. நின்னதுமே அது செத்துப்போச்சே! காலைல அதுலேருந்து எடுத்து வச்ச நகலை ஒரு கிளவுடு கம்பெனியோட இலவச சோதனை இடத்துல ஏத்திட்டுத்தானே வந்தேன்? மத்தியானத்துலேருந்து எல்லாம் அங்கேதான் ஓடுது. முன்னாடியே சொன்னா லீவு குடுக்க மாட்டீங்கன்னுதான்..."

எல்லாரும் ஆடிட்டரைப் பார்த்தார்கள். ஆடிட்டர் குளிர்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார்.

"சரிதான்யா," என்றார். "கரண்ட் போயும் ஓடுச்சு, வெள்ளம் வந்தும் ஓடுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன், இல்லேன்னு சொல்ல முடியுமா? கிளவுடுக்குக் கையெழுத்து எங்கே போடணும்?"