காட்டுப்பாக்கத்தில் ஒரு ஐரிஷ் வரவேற்பு

பனி என்ற பொருளை நான் ஃப்ரீசருக்கு வெளியே பார்த்ததே கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனென்றால் என் அலுவலகத்தில், குளிர்கால விளையாட்டுகளில் கரைகண்டவன் என்று மூன்று வருடங்களாக எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

எல்லாம் ஒரு திங்கட்கிழமைப் பொய்யில் ஆரம்பித்தது. நான் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனிக்கு டப்ளினில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. அங்கே எங்கள் வேலையை மேற்பார்வையிடுகிறவர் டெக்லன். ஐம்பது வயது, நரைத்த தாடி, நிதானமான பேச்சு. முதல் வீடியோ காலில் ஒவ்வொருவரிடமும், வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்கு முன்னால் ஆறு பேர் கிரிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள். ஏழாவதாக நானும் அதையே சொன்னால் என் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? "வின்டர் ஸ்போர்ட்ஸ் பார்ப்பேன்" என்றேன்.

(முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அதற்கு முந்தின நாள்தான் அப்பா வீட்டு டிவியில் பத்து நிமிடம் கர்லிங் என்ற பனித்தரை விளையாட்டைப் பார்த்திருந்தேன்.)

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பரிசோதிக்க வேறு எதுவும் இல்லாததால் டிவியைப் பரிசோதிக்கிறார். திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது.

"என்னல இது? குழவிக்கல்லத் தள்ளிவிட்டுட்டு, அதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு வாசல் தூத்துக்கிட்டுப் போறானுவ?"

கர்லிங் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதையே ஆங்கிலத்தில் மாற்றி டெக்லனிடம் சொன்னேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் நிஜமாகவே பைத்தியம். கர்லிங், பயத்லான், பலகையில் குப்புறப் படுத்துப் பனியில் சறுக்கும் ஸ்கெலிட்டன் என்று எதையும் விடமாட்டார். "எங்கள் ஊரில் பனி விழுவது அபூர்வம், மழைதான். இரண்டு அங்குலம் பனி விழுந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம், கடையில் ரொட்டி தீர்ந்துவிடும்" என்றார். புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊரில் பால் பாக்கெட் தீர்ந்துவிடும் என்றேன். பனியில்லாத இரண்டு ஊர்க்காரர்கள் அன்று முதல் சிநேகிதர்கள் ஆனார்கள்.

ஆனால் திங்கட்கிழமை தோறும் பேச வேண்டுமே! ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படித்தேன். பயத்லான் என்றால் பனியில் சறுக்கிக்கொண்டே போய் நடுவில் நின்று துப்பாக்கி சுடுவது, குறி தவறினால் கூடுதலாகச் சுற்றி வர வேண்டும் என்றெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். என் மனைவி கவிதா ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, செமஸ்டருக்கு இப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் எங்கயோ போயிருப்பீங்க."

அவள் சொன்ன 'எங்கயோ'தான் என் பிரச்சினையே. என்னோடு வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேரும் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய், ஏதாவது ஒரு பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். என் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூடப் படாமல் காலாவதியாகி, புதுப்பித்து, அதுவும் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. டப்ளினில் ஆறு மாத வேலைக்கு ஒருவரை அழைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. என் பெயரும் பக்கத்து சீட் பிரகாஷ் பெயரும் பட்டியலில் இருந்தன. முடிவு டெக்லன் கையில். எப்படியாவது நான் போக வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பனியைக் கையால் தொட வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எனக்கு அந்த வருடம் எதுவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம்மிடம் ஒரு வெள்ளைக்காரர் வந்து "வணக்கம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாம் உருகிப்போய் சொத்தையே எழுதிவைத்துவிடுவோம். அயர்லாந்துக்காரர்களும் அப்படித்தானே இருப்பார்கள்? அடுத்த வீடியோ காலில், "உங்கள் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

டெக்லனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அழகான மொழி. எனக்கு உயிர். பேசத்தான் வராது" என்றார். பதினான்கு வருடம் கட்டாயமாகப் படித்தாராம். சாலைப் பலகைகளில்கூட ஆங்கிலத்துக்கு மேலே ஐரிஷ்தான் இருக்குமாம். உயிர் என்கிறார், பேச வராது என்கிறார், எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிறகு அவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நீளமான வாக்கியத்தை மூச்சுவிடாமல் சொன்னார். பாட்டு மாதிரி இருந்தது.

"இதுதான் மிச்சம். எங்கள் நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். வலது கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். சாகும்வரை எந்த ஐரிஷ்காரனுக்கும் மறக்காது."

அர்த்தம் கேட்பதற்குள் மாலினி மேடம் வீடியோ காலில் சேர்ந்துவிட்டார். (எங்கள் புராஜெக்ட் தலைவி. அவர் வந்தால் கர்லிங் கல்லும் நின்றுவிடும்.) நான் வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லித் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்:

'அன் வில் கேட் அகம் டுல் கு டீ அன் லெஹரஸ்.'

பிள்ளைகள் முதலில் கற்பது, கையை உயர்த்திச் சொல்வது, சாகும்வரை மறக்காதது. இது உறுதிமொழியாகவோ வாழ்த்துப்பாவாகவோதானே இருக்க முடியும்? காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் தட்டி இணையத்தில் தேடினேன். வில்லியம் என்கிற யாரோ ஒருவருடைய கிட்டார் வகுப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் காட்டினேன். அர்த்தம் கேட்காமல் விட்டது முதல் தவறு என்றால், இது இரண்டாவது. உலகத்தில் எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் அதற்குள் தமிழைக் கண்டுபிடிக்காமல் அப்பா சாப்பிடப் போகமாட்டார்.

"ஏல, 'வில்'லுன்னா வில்லு, சேரனோட கொடி. 'அகம்'னா வீடு, மனசு ரெண்டும்தான். 'டுல்'லுன்னு அவன் சொல்லுதது நம்ம 'துள்'ளு. பொறவு டீ."

"டீ தமிழாப்பா?"

"டீ சீனாக்காரனுது. குடிக்கது நாமதான? 'வில்லு புடிச்ச வீரனே, எங்க அகத்துக்குத் துள்ளி வா, டீ குடி.' வரவேற்புப் பாட்டுல இது!"

"லெஹரஸ்?"

"அது அவங்க ஊருச் சாமியா இருக்கும்."

தை மாதத்தில் காட்டுப்பாக்கத்தில் எங்கள் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தோம். அதே வாரம் டெக்லன் சென்னைக்கு வருவதாக ஏற்பாடு. வீட்டுக்கு அழைத்தேன், சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அகத்துக்கு வா, டீ குடி. கிரகப்பிரவேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது? மாமனார், மாமியார், மச்சினன், பெரியப்பா என்று வீட்டார் அத்தனை பேரையும் ஒரு வாரம் உட்காரவைத்து அப்பா மனப்பாடம் செய்யவைத்தார். உச்சரிப்பைப் பரிசோதித்து இரண்டு பேரைத் திருப்பி அனுப்பி மறுபடி வரச்சொன்னார். கவிதா மட்டும், "எதுக்கும் அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்" என்றாள். கேட்டால் எப்படி ஆச்சரியமாக இருக்கும் என்று அவள் வாயை அடைத்தேன்.

விடியற்காலை ஹோமம் முடிந்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டு டிபன் நடந்துகொண்டிருந்தது. மைக் செட்டுக்கு மாங்காட்டிலிருந்து குமார் வந்திருந்தார். நான் ஒத்திகை பார்த்ததைக் கேட்டு அருகில் வந்தார்.

"சார், இன்னா பாஷ சார் இது? நம்ம ஸ்பீக்கர்ல இத்தினி வருஷத்துல வந்ததே கெடையாது."

"ஐரிஷ்."

"அத்த உடு சார். எக்கோ வெக்கட்டா?"

"வைங்க" என்றேன். அது மூன்றாவது தவறு.

டெக்லனையும் மாலினி மேடத்தையும் கிண்டியிலிருந்து தன் காரில் அழைத்துவரும் பொறுப்பைப் பிரகாஷ் தானாகவே ஏற்றுக்கொண்டிருந்தான். போரூரில் மெட்ரோவுக்குத் தோண்டியிருந்த பள்ளங்களைத் தாண்டி வர இரண்டு மணி நேரம். விருந்தாளி வாடிவிடக் கூடாதே என்று வழியில் அவருக்கு இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். (பிரகாஷ் மேல் எனக்கு வேறு எந்தப் புகாரும் கிடையாது.)

கார் வந்து நின்றதும் டெக்லன் கதவைத் திறந்துகொண்டு வேகமாக இறங்கி, அதைவிட வேகமாக நடந்து வந்தார். பாசத்தில்தான் அப்படி வருகிறார் என்று நினைத்தேன். அப்பா வழிமறித்து மாலை போட்டார். சந்தனம் வைத்தார். பெரியப்பா பன்னீர் தெளித்தார். ஒவ்வொரு துளி விழும்போதும் டெக்லன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். நான் சைகை காட்டினேன். அப்பா, நான் உட்பட ஒன்பது பேரும் வரிசையாக நின்று வலது கையை உயர்த்தினோம்.

"அன் வில் கேட் அகம் டுல் கு டீ அன் லெஹரஸ்!"

ஹரஸ்... ரஸ்... ஸ்... என்று எக்கோ பூந்தமல்லி சாலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

டெக்லன் அப்படியே நின்றுவிட்டார். மந்திரம் என்றால் மூன்று தடவை என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். இரண்டாம் தடவை சொன்னோம். அவர் முகம் குங்குமமாகச் சிவந்தது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று எனக்குக் கண்கள் கலங்கின. மூன்றாம் தடவை முடிந்ததும் அவரும் மெல்ல வலது கையை உயர்த்தி என்னவோ சொன்னார். அதுதான் பதில் மந்திரம் என்று நினைத்து அப்பா மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார். காட்டுப்பாக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் கேட்டது:

"தயவுசெய்து, நான் முதலில் போகட்டுமா? எங்கே இருக்கிறது?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது குமாருக்குத்தான்.

"சார், அவரு பாத்ரூம் எங்கனு கேக்குறாரு! நிக்கிற நிப்பப் பாத்தா தெர்ல? இட்டுகினு போ சார் சீக்கிரம்!"

லிஃப்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. மாலையும் சந்தனமுமாக டெக்லன் மூன்று மாடி ஓடினார். எங்கள் புதுவீட்டுக் கழிவறையை முறைப்படி திறந்துவைத்தவர் அவர்தான்.

ஐந்து நிமிடம் கழித்து வேறு மனிதராக இறங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி அர்த்தத்தைச் சொன்னார். 'நான் கழிவறைக்குப் போக அனுமதி உண்டா?' வகுப்பில் ஐரிஷில் கேட்டால்தான் வெளியே விடுவார்களாம். அதனால்தான் அது முதல் பாடம். அதனால்தான் கையை உயர்த்த வேண்டும். அதனால்தான் சாகும்வரை மறக்காது. பந்தலில் இட்லி மென்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. மாலினி மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பிரகாஷின் செல்போன் இன்னும் என் முகத்துக்கு நேராக இருந்தது. டப்ளின், பனி, பாஸ்போர்ட் முத்திரை மூன்றும் என் கண்ணெதிரே பன்னீரோடு காய்ந்துபோயின. அவமானத்தில் செத்தே போகலாம் போல இருந்தது.

எனக்காவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் இந்தி படித்தவன் நான். இன்று அதில் என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: 'தண்ணீர் குடிக்கப் போகலாமா?'

அப்பா மட்டும் அசையவில்லை. "அப்போ 'அகம்'? அதக் கேளு முதல்ல" என்றார். கேட்டேன். 'என்னிடம்' என்று அர்த்தமாம்.

"என்னிடம், எனக்குள்ள, அகம். நாஞ் சொல்லல? தமிழேதான்" என்று அப்பா பொங்கல் சாப்பிடக் கைகழுவப் போனார்.

டெக்லன் கண்களைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. "பதினான்கு வருடம் படித்தேன். பள்ளிக்கு வெளியே இதுவரை ஒருவர்கூட என்னோடு ஐரிஷில் பேசியதில்லை. இன்று ஒன்பது பேர் பேசினீர்கள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது" என்றார். பிறகு இரண்டு டீ குடித்தார்.

டப்ளினுக்கு என்னைத்தான் அழைத்தார்கள். திறமையைப் பார்த்து என்று நினைத்துவிட வேண்டாம். பிரகாஷ் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த அலுவலகமே என்னை நேரில் பார்க்க ஆசைப்பட்டது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் நாற்பது பேர் எழுந்து நின்று வலது கையை உயர்த்தினார்கள். ஆறு மாதமும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: எங்கள் மொழி எங்களுக்கு உயிர், பள்ளிக்கூடம்தான் கெடுத்துவிட்டது, இந்த ஒரு வாக்கியம் மட்டும் வரும். டெக்லன் மட்டும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயதுத் தமிழரான என் அப்பாவுக்குத் தன்னைவிட நல்ல உச்சரிப்பு இருந்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். ஏப்ரலில் போய் செப்டம்பரில் திரும்பியதால் நான் பார்த்ததெல்லாம் மழை. பனி இன்னும் ஃப்ரீசரில்தான்.

அப்பா இப்போது எங்களோடு காட்டுப்பாக்கத்தில்தான் இருக்கிறார். டிவியில் பயத்லான் பார்த்துக்கொண்டே இருப்பவர், திடீரென்று வலது கையை உயர்த்தி அந்த வாக்கியத்தைக் கணீரென்று சொல்வார். அடுக்களையிலிருந்து கவிதா "போய்ட்டு வாங்க மாமா" என்பாள். விருந்தாளிகள் வந்திருந்தாலும் இப்படிக் கேட்காமல் அப்பா கழிவறைக்குப் போகமாட்டார். போன மாதம் டெக்லன் போனில் கேட்டார், அயர்லாந்திலேயே எத்தனை வீடுகளில் ஐரிஷ் தினமும் பேசுவார்கள் என்று சந்தேகமாக இருக்கிறதே, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேசுகிறீர்கள் என்று. எண்ணிப் பார்த்து, பத்துக்குக் குறையாது என்றேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது.