பழுப்பு நாற்காலியில் உட்காராதே, மச்சான்

பிரெய்ரி ஃபோர்க், அயோவா
மார்ச், செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் டுவெய்னுக்கு, உன் அக்கா புருஷன் லோவெல் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அக்கா லவானும் நாயும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும், உன் வலது முழங்காலின் சௌக்கியத்தையும், உங்கள் டோல்மன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடுகிற அந்த இடதுகைக்காரப் பையனின் கணுக்கால் சௌக்கியத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். கடைசி வரியைப் படித்துவிட்டு நீ மூக்குக்கண்ணாடியைத் துடைத்திருப்பாய். துடைக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தாய். டோல்மன் கோச்சுக்கு ஜலதோஷம் என்று கேள்விப்பட்டாலே அன்றைக்கு இன்னொரு தட்டு சாப்பிடுகிறவன் நான். அப்பேர்ப்பட்டவன் இன்று உங்கள் பையன் காலுக்கு ஐஸ் வைத்தார்களோ இல்லையோ என்று தவிக்கிறேன். எல்லாம் என் தலையெழுத்து.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிக்ஸ்பி கல்லூரிக் கூடைப்பந்து அணி, அதாவது எங்கள் 'கோவேறு கழுதைகள்', இந்த வருஷம் தேசியப் போட்டிக்குப் போகுமா, போகாதா என்பதுதான் கானியின் காபிக் கடையில் ஒரு மாதமாக நடக்கிற பஞ்சாயத்து. கடைசியாக நாங்கள் போனபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. அதை வெட்டின மெர்ல்தான் இப்போதும் எங்கள் பக்கத்துக்குத் தலைமை வக்கீல். எதிர்க்கட்சி, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் பீட்டர்சன். அவரும் கழுதைக் கட்சிதான், ஆனால் நல்ல செய்தியை அவர் வாயிலிருந்து வரவழைப்பது பல் பிடுங்குகிற வேலை. நேற்று காலை மெர்ல் மேஜையைத் தட்டினான்.

"இத்தனை கேம் ஜெயிச்சிருக்கோம்யா! இதுக்கு மேல அந்த டீம் பொறுக்குற கமிட்டிக்காரனுக்கு என்ன வேணும், என் கிட்னியா?"

"டிசம்பர்ல ஒரு நோஞ்சான் டீம்கிட்ட, அதுவும் நம்ம ஊர்லயே தோத்தோமே, அதை யார் தலையில கட்டுறது?" என்றார் வாத்தியார்.

"அன்னிக்குப் பசங்களுக்கு வயித்துப்போக்கு!"

"அப்போ கமிட்டிக்கு டாக்டர் சர்டிஃபிகேட் அனுப்பு."

கானி காபியை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் கத்துறதுல சுடச்சுட வச்ச ஆப்பிள் பை ஆறுது, சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க" என்றாள். அப்புறம்தான் வாத்தியார் குரலைத் தாழ்த்தி அந்தக் குண்டைப் போட்டார். "நம்மளுக்கு இடம் இருக்கு. ஆனா கடைசி இடம். வட்டாரக் கோப்பை ஜெயிக்கிறவன் தானா உள்ள போயிடுவான், மிச்ச இடத்தைத்தான் கமிட்டி பங்கு போடும். டோல்மன் சனிக்கிழமை பைனல்ல ஜெயிச்சா பிரச்சினை இல்ல. தோத்துச்சுன்னா, ஜெயிச்ச சுண்டைக்காய் டீமும் உள்ள வந்துடும், பெரிய டீம்னு டோல்மனையும் கமிட்டி கூப்பிட்டுக்கும். அப்போ வெளிய தள்ளப்படறது யாரு?"

அதாவது மச்சான், பிக்ஸ்பி உள்ளே போக வேண்டுமென்றால் டோல்மன் ஜெயித்தாக வேண்டும்! மெர்லைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டோல்மன் நிறம் என்று நீலச் சட்டையையே தொடாதவன் அவன், பேத்தி ஞானஸ்நானத்துக்கு நீலக் கேக் வந்தபோது வெறும் காபி குடித்துவிட்டு எழுந்துபோனவன். அவன் எழுந்து நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "டோல்மன்... வாழ்க" என்று சொல்லிப் பார்த்தான். இரண்டாவது வார்த்தை வெளியே வருவதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. கானி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சனிக்கிழமை டுவெய்ன் எங்க இருப்பான்?" என்று மெர்ல் கேட்டான். "எங்க வீட்டுக்குத்தான் வரான், லவான் கூப்பிட்டிருக்கா" என்றேன், முட்டாள்தனமாக. எல்லாருடைய கோப்பையும் மேஜைக்கு இறங்கிவிட்டது. ஏனென்றால், எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் இருக்கிற அந்தப் பழுப்பு நாற்காலியில் நீ உட்கார்ந்து பார்த்த எந்தப் பெரிய ஆட்டத்திலும் டோல்மன் ஜெயித்ததில்லை என்பது இந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். கரண்ட் போன வருஷம் நினைவிருக்கிறதா? நீ நாற்காலியை விட்டு நகராமல் ரேடியோவில் கேட்டாய், அப்போதும் தோற்றீர்கள். இன்னொரு தடவை நீ பாத்ரூமுக்குப் போன நேரத்தில் உங்கள் பையன்கள் வரிசையாகப் பந்தைப் போட்டுத் தள்ள, உன் பெண்டாட்டி ஜானிஸ் ஓடிவந்து கதவை வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டு, "கேம் முடியற வரைக்கும் உள்ளயே கிடங்க, சாப்பாட்டைக் கதவுக்கு அடியில தள்ளி விடறேன்!" என்று கத்தினாளே. அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் சிரித்ததில்லை.

ஆகவே ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கூடி, உன்னைச் சனிக்கிழமை வரவிடாமல் தடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக நாற்காலியைக் கடத்தலாம் என்று யோசனை சொன்னேன். நேற்று மதியம் லவான் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து நான், மெர்ல், வாத்தியார் மூன்று பேரும் அதைக் கராஜுக்குத் தூக்கினோம். கோணம் பார்த்துச் சொல்கிறேன் என்று வாத்தியார் முன்னால் போனார். பார்த்துச் சொன்ன கோணத்தில் அது சமையலறை வாசலில் போய்ச் செருகிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், மெர்ல் தள்ள, நான் இழுக்க, நாய் குரைக்க, பின்கதவைத் திறந்துகொண்டு கையில் மாவுப் பையோடு வந்து நின்றாள் உன் அக்கா. பயிற்சி ரத்தாம். பனியாம்.

"என்ன வாத்தியாரே, என் சமையல்கட்டுல?" என்றாள். வாத்தியார் என்னைக் கைகாட்டினார். நாற்காலிக்கு மேலாக எட்டிப் பார்த்து நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாவுப் பையைக் கீழே வைத்தாள்.

"ஜானிஸ் கண்ண மூடினதுலேருந்து என் தம்பி ஒருத்தர் வீட்டுப் படி ஏறல. கிறிஸ்துமஸுக்குக் கெஞ்சினேன், வரல. இப்பதான் வாயத் திறந்து 'சரிக்கா, வரேன்'னு சொல்லியிருக்கான். இந்த வீட்டுல அவனுக்குன்னு இருக்கறது இந்த ஒரு நாற்காலி. அதையும் கராஜ்ல போடறீங்களா? உங்களுக்கு என் தம்பி முக்கியமா, கழுதை முக்கியமா?"

"கோவேறு கழுதைங்க" என்றான் மெர்ல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

அவன் தொப்பி இன்னமும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வந்து எடுக்கிற தைரியம் அவனுக்கு இல்லை. நாற்காலி பழைய இடத்துக்கே போய்விட்டது, நான் தனியாளாகத் தள்ளினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆகையால் மச்சான், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சனிக்கிழமை வராதே. முழங்கால் வலி என்று சொல், டிரக் கிளம்பவில்லை என்று சொல், பனி என்று சொல். ஞாயிற்றுக்கிழமை வா. மறுநாள் வந்தால் பாசம் குறைந்தா போய்விடும்? நீ வரக்கூடாது என்று எனக்கு ஆசையா என்ன! போன மார்ச்சில் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். திட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் டோல்மன் தோற்றது, அது ஒரு தோல்வியாகவே தெரியவில்லை. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்பதால் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

ஆண்டவன் உனக்கு ஆயுளையும், உன் முழங்காலுக்கு எண்ணெய்ப் பசையையும், டோல்மனுக்குச் சனிக்கிழமை மட்டும் வெற்றியையும் தாராளமாக அருளட்டும்.

இப்படிக்கு,
வேறு வழி தெரியாத உன் அத்தான்,
லோவெல்

பின்குறிப்பு, ஞாயிறு மாலை: மேலே எழுதியதெல்லாம் ரத்து. இந்தக் கடிதம் தபாலுக்கே போகவில்லை. எங்கள் வீட்டில் தபால்தலை இருக்கிற இடம் உன் அக்காவுக்குத்தான் தெரியும், கேட்டால் யாருக்கு என்பாள். சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், நீ வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டாய். வெள்ளிக்கிழமை மெர்லிடம் முடி வெட்டிக்கொண்டாய் அல்லவா, அந்த ஓட்டை வாய் உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான் என்பது நேற்றுதான் எனக்குப் புரிந்தது. "நான் இங்கயே நிக்கறேன் அத்தான், முட்டி மடக்க வரல" என்று சமையலறை வாசலில் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றாயே! முட்டி மடக்க வராதவன்தான் காலையில் குனிந்து நாய்க்கு வயிற்றைச் சொறிந்துவிட்டானாக்கும். டோல்மன் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, மெர்ல் சில்லிக் குழம்புக் கிண்ணத்தோடு குதித்துக்கொண்டிருந்தான். நீயோ கையில் லவான் சுட்ட, பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரோலோடு, எங்கள் கழுதைகளுக்காக, காலை மாற்றி மாற்றி நின்றாய். நான் டிவியைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், ஒரு வருஷமாகக் காலியாகக் கிடக்கிற அந்த நாற்காலியைப் பார்த்தேன். அப்புறம் என்னால் முடியவில்லை.

"மச்சான், வந்து உட்காருடா" என்றேன்.

மெர்ல் அலறினான். நீ உட்கார்ந்தாய். மிச்சம் உனக்கே தெரியும். டோல்மன் போட்ட கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தபோது, "ஜானிஸ் இருந்திருந்தா என்னைப் பாத்ரூம்ல போட்டுப் பூட்டியிருப்பா அத்தான்" என்று சொல்லிச் சிரித்தாயே, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும். லவான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இன்று பட்டியல் வந்தது, அதில் பிக்ஸ்பி இல்லை. வயிறு எரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் மறுபடி நேற்று வந்தால் மறுபடி உட்காரச் சொல்வேன்.

நாளைக் காலை கிளம்புவதாகப் பையைக் கட்டி வைத்திருக்கிறாய். நேரில் சொன்னால் நீ ஏதாவது சாக்குச் சொல்வாய், அதனால் நீ குளித்து வருவதற்குள் இதை உன் கோட்டுப் பையில் வைக்கிறேன். வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு ஒரு சின்னப் போட்டி இருக்கிறது, செவ்வாய்க்கிழமை நாங்கள் ஓஹையோக்காரர்களோடு ஆடுகிறோம். நீ பழுப்பு நாற்காலியில் உட்கார்ந்து, மனதார, வாயார, ஓஹையோவுக்கு ஜே போட வேண்டும். நாங்கள் ஜெயித்தால் அடுத்த ஆட்டத்துக்கும் நீ வேண்டும், அதற்கடுத்ததுக்கும். வியாழக்கிழமை டோல்மன் ஆடும்போது பிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமையே தோற்றால்கூட இரு. அந்த வெறும் வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறாய்?

டிரக் சாவியைத் தேடாதே. என்னிடம் இருக்கிறது.