பாஸ்வேர்டு மாறவில்லை, சம்பந்தி

சிங்காநல்லூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கிளமென்ட் அவர்களுக்கு, தேவானந்தம் தலை குனிந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் இருதயம்மாளும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் எங்கள் மருமகள் கரோலினும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். வெள்ளகோவிலில் மழை உண்டா? இங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நடந்ததைக் கரோலின் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

எங்கள் பங்குக் கோவிலில் பாட்டு வரிகள் தெரிய ஒரு பெரிய திரை வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை வாங்கி, கீபோர்டு மாட்டி, பாஸ்வேர்டு வைத்து, எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது கரோலின்தான். சனிக்கிழமைதோறும் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் டைப் அடிப்பது என் பொறுப்பு. மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருந்தவனுக்கு இந்தச் சோப்புப் பெட்டி எந்த மூலைக்கு என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டும் இருந்தேன். ஒரே ஒரு குறை. மேற்கோள் குறி போட்டிருக்கும் விசையை அழுத்தினால், ஈமெயில் முகவரிக்கு நடுவில் வருமே, அந்தச் சுழி வந்து நிற்கும். இயேசு சொன்ன வார்த்தைக்கு முன்னால் ஒரு சுழி, பின்னால் ஒரு சுழி. பாட்டுக் குழுவில் இருக்கும் கிளாடிஸ் டீச்சர், "ஏனுங்க, ஆண்டவருக்கு ஈமெயில் அனுப்பறமுங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

போன சனிக்கிழமை சாயங்காலம் கரோலின் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் மேஸ்திரி கௌரவம் என்ன ஆவது? நானே உள்ளே போய்த் தேடினேன். கீபோர்டு எந்த நாட்டுடையது என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. பார்த்தால் இங்கிலாந்து என்று இருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்! வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமாயிற்று, சிங்காநல்லூர்க் கோவிலில் இன்னும் இங்கிலாந்தா? இந்தியாவைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் தமிழ் என்றும் இருந்தது. பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்து அதையே அழுத்திவிட்டு, மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். நடுவில் கரோலின் வந்து என்னமோ சொன்னாள். நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சரி கண்ணு, சரி கண்ணு" என்றேன். பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பூசைக்கு முன்னால் பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். அங்கே எழுத்தா தெரிகிறது, வெறும் புள்ளிகள்தானே. தப்பு என்றது. திரும்ப அடித்தேன், தப்பு. ஒவ்வொரு விசையாகக் குத்திக் குத்தி அடித்தேன், அப்போதும் தப்பு. அதற்குள் மணி அடித்து வருகைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. திரை வந்ததிலிருந்து யாருக்கும் பாட்டு மனப்பாடம் இல்லை, சம்பந்தி. முதல் சரணம் வரை பாடினார்கள், ரெண்டாவதில் முனகினார்கள், மூன்றாவதில் ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போனது. சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேர்த்துப்போய் நின்றேன்.

கடைசியில் அறிவிப்பு நேரம் வந்தது. சும்மா இருந்திருக்கக் கூடாதா? மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "இன்னிக்குப் பாட்டு வராததுக்கு மன்னிச்சுக்குங்க. எங்க ஊட்டுக்குள்ளயே ஒருத்தர் பாஸ்வேர்டை மாத்திப்போட்டாங்க. மருமகள்தானுங்க. மாமனார் பெட்டியைத் தொடறது படிச்ச புள்ளைகளுக்குப் புடிக்கறதில்லைங்க." சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் பார்த்தால் கரோலின் உட்கார்ந்திருந்த இடம் காலி, பக்கத்தில் வைத்திருந்த பையும் இல்லை. வீட்டுக்கு ஓடினேன், அங்கேயும் இல்லை. "வெள்ளகோவில் பஸ் ஏறிட்டாளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இருதயம்மாள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் தாங்கள் போன் செய்தீர்கள். "ஏனுங்க சம்பந்தி, சாப்பிட்டீங்களா? கரோலின் வந்து சேந்துட்டாளுங்க. ரண்டு வாரம் இங்கயே இருக்கட்டுங்க. அனுப்பி வெச்சதுக்கு ரொம்ப நன்றிங்க." அவ்வளவுதான். இதற்குத் தாங்கள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், சம்பந்தி. அந்த 'நன்றிங்க' இரண்டு நாளாக என் காதை விட்டுப் போகவில்லை. ஓசூரில் வேலையில் இருக்கும் என் மகன் ஆரோனுக்குப் போன் செய்து, உன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லவும் எனக்கு முகமில்லை.

நேற்று மறுபடியும் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். கை தவறி, பாஸ்வேர்டைப் பேர் எழுதுகிற கட்டத்தில் அடித்துவிட்டேன். அங்கே புள்ளி இல்லை, எழுத்தே தெரிந்தது. அத்தனையும் தமிழ் எழுத்து! ஆங்கில எழுத்தைப் பார்த்து அழுத்தினால் அஆஇஈ வருகிறது. பாஸ்வேர்டு மாறவில்லை, சம்பந்தி. அந்தப் பிள்ளை வைத்தது வைத்தபடியே இருக்கிறது. கீபோர்டைத்தான் நான் மாற்றிவிட்டேன். ஆளில்லாத கோவிலில் உட்கார்ந்து வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெட்டி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. கிடக்கட்டும். அதற்காகக் கரோலினை அழைக்கவில்லை. அவள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை. அவள் மனசு ஆறி வந்தால் அதே மைக்கில் உண்மையைச் சொல்கிறேன். அன்னை மரியாள் தங்கள் வீட்டை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் கரோலினுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள், அவள் ஏற்றுக்கொண்டால்.

தங்கள் முகத்தில் விழிக்கக் கூசும்,
தேவானந்தம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை இருதயம்மாளிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிங்க. சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேசன் எப்படி ஆச்சுன்னு ஒரு வரி கேட்டிருக்கலாமுங்க" என்கிறாள். கரோலின் அதற்காகத்தான் போனாளாம். அறிவிப்புக்கு முன்னாலேயே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாளாம். இதைத்தான் சனிக்கிழமை என்னிடம் சொன்னாளாம், நானும் சரி என்றேனாம். "அடிப்பாவி, முந்தியே சொல்றதுக்கென்ன?" என்றேன். "சொல்லியிருந்தா இதை எழுதியிருப்பீங்களா?" என்று கேட்டாள். அப்படியென்றால் கரோலினுக்கு ஒன்றுமே தெரியாது, கிழித்துப் போட்டுவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். "கோயில்ல அத்தனை பேருக்கும் தெரியுமுங்க. அவளுக்கு மட்டுந்தான் தெரியாது" என்று கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இதற்குமேல் எழுதத்தான் கொடுத்திருக்கிறாள், பக்கத்திலேயே நிற்கிறாள். சம்பந்தியம்மாவின் கண் எப்படி இருக்கிறது? இதைக் கரோலின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவள் வருவதற்காகக் காத்திருக்கவில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமையே மைக்கில் சொல்லிவிடுகிறேன்.